மடி டிக்கெட்

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு விமானத்தில் சீட் கிடையாது. அப்பா மடி அல்லது அம்மா மடி. பெரும்பாலான விமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதமோ, மொத்தமாக ஒரு சின்னத் தொகையோ வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்வார்கள். இரண்டாவது பிறந்த நாள் வந்துவிட்டால் தீர்ந்தது கதை. அதே குழந்தை, அதே எடை, ஆனால் தனி சீட், தனி டிக்கெட்.

இந்தப் பேருண்மை எனக்குத் தெரியவந்தபோது என் மகளுக்கு ஒரு வருடம் ஒன்பது மாதம். நான் பி.காம். மூன்று வருடம் படித்ததில் டெபிட், கிரெடிட் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் சலுகைக்குக் கெடு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் இன்றைக்கும் தூக்கம் வராது. மூன்று மாதத்துக்குள் எங்காவது போயாக வேண்டும் என்றேன்.

‘‘நாம ஊர் பார்க்கப் போறோமா, டிக்கெட் மிச்சம் பண்ணப் போறோமா?’’ என்றாள் மனைவி.

அவள் கேள்வியில் நியாயம் உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. அந்த ஒன்பது வருடமும் ஏப்ரல் வந்தால் வெளிநாடு போகலாம் என்று முடிவு செய்வோம். மே வருவதற்குள் அந்தப் பணத்தை ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி பில் வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டவை.

எங்கே போவது? ஐரோப்பா என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்திலேயே இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆட்டோவில் உட்காராத பிள்ளை. துபாயில் மே மாதம் நாற்பது டிகிரி. அதற்குச் சென்னையே போதும். மாலத்தீவில் மணலும் கடலும்தான் விசேஷம். என் மகள் மணலைத் தின்பவள். கொழும்பு பக்கம்தான், ஒன்றேகால் மணி நேரம். ஆனால் ஒன்பது வருடம் காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரத்துக்கா என்று மனைவிக்குத் தோன்றிவிட்டது. கடைசியில் மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்: ‘‘தயிர்சாதம் கிடைக்கற ஊராப் பார்த்துப் போங்கோ.’’ அப்படித்தான் சிங்கப்பூர் முடிவானது. நான்கு மணி நேரத்துச் சொச்சம். இறங்கினால் விமான நிலையத்திலேயே தமிழ்ப் பலகை.

பாஸ்போர்ட்டில் கைக்குழந்தைக்குச் சலுகை கிடையாது. தனிப் புத்தகம். போட்டோவில் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். கண் திறந்தால் வாயும் திறக்கிற வயது அது. ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பை ஆட்டி, பூனை மாதிரி கத்தி, நாற்பத்தோராவது படத்தில் வென்றார். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. மை வைத்த விரலை அவள் என் சட்டையில் துடைத்தாள். சிங்கப்பூர் விசாவிலும் தள்ளுபடி இல்லை. ஆளுக்கு முப்பது வெள்ளி, அவளுக்கும் சேர்த்து.

புறப்பட்டோம். மடி டிக்கெட்டின் மகிமை அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. அவளுக்கென்று ஒரு குட்டி பெல்ட் தருவார்கள். அதை நம் பெல்ட்டில் கோத்து அவள் இடுப்பில் மாட்ட வேண்டும். தொட்டில் ஒன்று உண்டு. கேட்டேன். அது பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு உட்பட்ட சிசுக்களுக்காம். என் மகளுக்குக் கால் மட்டும்தான் அதற்குள் போகும். ஆக, பதின்மூன்று கிலோவை நான்கு மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். முன் சீட்டுக்காரர் தலையை அவள் எத்தனை முறை தட்டினாள் என்பதற்குக் கணக்கில்லை. அவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஏழாவது முறைக்குப் பிறகு சிரிக்கவில்லை.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறிக் காது அடைத்துக்கொள்ளும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளிப்போம். குழந்தைக்கு அது தெரியாது. பாலோ தண்ணீரோ குடிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நமக்குத்தான் நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது, குழந்தையின் பாலுக்குத் தடை இல்லை. இரண்டு புட்டி வைத்திருந்தோம். ஏறும்போது ஒன்று, நடு வானத்தில் போரடிக்கிறதென்று இன்னொன்று. இறங்கும்போது புட்டி காலி. சாங்கி விமான நிலையத்தை அவள் அலறிக்கொண்டேதான் அடைந்தாள்.

அந்த ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். என் மகள் கடைசிவரை இந்திய நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரவு பதினொன்றரைக்குத் தூங்கி, காலை ஒன்பதரைக்கு எழுந்தாள். ஓட்டலில் பத்து மணிக்கு டிபன் மூடிவிடுவார்கள். நானும் மனைவியும் முறை வைத்து ஓடிப்போய் இட்லி விழுங்கிவிட்டு வந்தோம்.

மெர்லயன் சிலைக்குப் போனோம். சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலிருந்து தண்ணீர். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தரையில் கிடந்த பிஸ்கட் தூளைக் கொத்திய ஒரு மைனாவை என் மகள் இருபது நிமிடம் பார்த்தாள். அவளுக்குப் பறப்பதெல்லாம் காக்கா. ‘‘காக்கா! காக்கா!’’ மிருகக்காட்சி சாலையில் மூன்று வயதுக்குக் கீழே இலவசம் என்றதும் எனக்குப் பரம சந்தோஷம். டிராமில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். ஒராங்குட்டானை நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். நான்கு நாளில் அவள் மனமாரக் கொண்டாடியது ரயில் நிலைய எஸ்கலேட்டரை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. இதற்கு நான் அவளை மாம்பலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போயிருக்கலாம்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் லிட்டில் இந்தியா போனோம். மனைவி கடைக்குள் நுழைந்துவிட, நான் குழந்தையோடு பக்கத்துப் புல்வெளியில் நின்றேன். வாரம் முழுக்கக் கட்டட வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன்கள், வங்கதேசத்துப் பையன்கள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பார்சல் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் போன், போனில் வீடு.

ஒருவர் எழுந்து வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். சிவகங்கைப் பக்கம்.

‘‘பாப்பாவுக்கு எத்தனை வயசு சார்?’’

‘‘ரெண்டாகப் போகுது. இன்னும் பதினோரு நாள்.’’

‘‘எம் பொண்ணுக்கும் அடுத்த மாசம் ரெண்டு முடியுது.’’ கொஞ்சம் நிறுத்தி, ‘‘நேர்ல பார்த்ததில்ல சார். வீட்ல அஞ்சு மாசமா இருக்கயில வந்தேன். ஏஜெண்ட் கடன் இப்பத்தான் முடியுது’’ என்றார்.

தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டுக் கையை நீட்டினார். என் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் போகவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ‘‘விடுங்க சார், அழுதுறப் போகுது. எம் பொண்ணும் இப்படித்தான் செய்யும்’’ என்று சிரித்தார். போனில் அவர் பெண் படத்தைக் காட்டினார். இரட்டைச் சடை. ‘‘அப்பா எங்கன்னா போனைக் காட்டுதாம். ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் அதைத்தான் காட்டுதாம்.’’

பிறகு கேட்டார். ‘‘இத்தினிக்குண்டுப் பிள்ளைக்கு டிக்கெட் எம்புட்டு சார் ஆச்சு?’’

சொன்னேன். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக் கூட்டிவந்தால் கம்மி என்பதையும் சொன்னேன். அவர் எங்கோ பார்த்தார். உதடு அசைந்தது. எந்தக் கணக்கு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் முன்னால் நானும் கேலண்டரை வைத்துக்கொண்டு அதே கணக்கைத்தான் போட்டேன்.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் அங்கே குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. டூரிஸ்ட் விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கே தங்குவது? அவர் இருப்பது டார்மிட்டரி. ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர் என்றார்.

‘‘ரூமுக்கு ஒரு நாளைக்கு எம்புட்டு சார் குடுக்குறீங்க?’’

நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, ‘‘அடேயப்பா’’ என்றார். அதன்பின் டிக்கெட் பற்றி அவர் பேசவில்லை.

மனைவி பைகளோடு வந்தாள். புல்லில் ஒரு பறவை வந்து இறங்கியது. என் மகள் கழுத்திலிருந்து தலையை எடுத்து, ‘‘காக்கா’’ என்றாள்.

‘‘காக்கா இல்ல பாப்பா. மைனா. மை...னா’’ என்றார் அவர்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். ‘‘மைனா’’ என்றாள். அவ்வளவு சுத்தமாக அவள் எந்த வார்த்தையும் அதுவரை சொன்னதில்லை. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்காகவும் சொன்னாள்.

மறுநாள் ஊர் திரும்பினோம். மடி டிக்கெட்தான். இப்போது எங்கள் வீட்டு பால்கனியில் தினமும் காலையில் சோறு தின்ன வருகிற அத்தனை காக்காயும் அவளுக்கு மைனாதான். மாமியார் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.