வந்ததும் சொல்கிறேன்

நெய்வேலியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் கடிகாரத்தைவிட ‘ஷிப்ட்’தான் முக்கியம். சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகலாக நடக்கிற ஊர் அல்லவா? “அப்பா எழுந்ததும் டெலிவிஷன் போடலாம்”, “ஷிப்ட் முடிந்த பிறகு கடைக்குப் போகலாம்” என்று வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

இந்த வாக்கியங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை, ஷிப்டும் முடியவில்லை. இருந்தாலும் ‘எழுந்ததும்’, ‘முடிந்த பிறகு’ என்று, நடந்து போன காரியத்தைப் போலவே பேசுகிறோம்! யாருக்காவது குழப்பம் உண்டாகிறதா? கிடையாது. கடைசியில் வருகிற ‘போகலாம்’ என்ற ஒரு சொல், எல்லாம் இனிமேல்தான் என்று காட்டிக் கொடுத்து விடுகிறது.

இங்கிலீஷ்காரனும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறான். நாம் இறந்த காலத்தை இரவல் வாங்குகிறோம். அவன் நிகழ்காலத்தை வாங்குகிறான். ‘அவர் வந்ததும் சொல்கிறேன்’ என்பதற்கு, ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’ என்பான். அவர் வருவது நாளைக்கே ஆனாலும் ‘கம்ஸ்’தான். ‘வில்’ என்பது பின்பாதியில் ஒரே ஒரு தடவை.

இது பெரிய சங்கதியா என்று கேட்பீர்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அம்மாளைச் சந்தித்த பிறகுதான் எனக்கே அது பெரிதாகப் பட்டது. பல மாநிலத்தாரும் கலந்து வாழும் இடம் அது. அவருடைய அண்டை வீட்டுப் பெண்மணி ஒடிசாக்காரர். இருவருக்கும் பொதுவான பாஷை இங்கிலீஷ் ஒன்றுதான். ஒருநாள் இந்த அம்மாள், “வென் மை ஹஸ்பண்ட் வில் கம், ஐ வில் ஆஸ்க்” என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவியான மகள் கலகலவென்று சிரித்து, “ஐயோ அம்மா, தப்பு!” என்றாளாம். ஏன் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அன்று முதல் அண்டை வீட்டாரிடம் வெறும் புன்னகையோடு சரி. “வாயைத் திறந்தாத்தானே சிரிப்பாங்க?” என்றார் என்னிடம். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த ‘வில்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தமிழிலிருந்துதான்! ‘அவர் வரும்போது கேட்கிறேன்’ என்று அம்மாள் மனத்தில் நினைத்திருக்கிறார். ‘வரும்’ என்பதில் எதிர்காலம் இருக்கிறதே, அதை அப்படியே கொண்டு போய் வைத்து விட்டார். ‘வரும்போது’ என்பதை ‘வந்ததும்’ என்று மாற்றி நினைத்தால் ‘வில்’ தானாக உதிர்ந்து விடும். ‘எப்போது வருவார்?’ என்ற அர்த்தம் வந்தால் மட்டும் ‘வில்’ இருக்க வேண்டும்: ‘வென் வில் ஹி கம்?’

‘ஆப்டர்’, ‘பிபோர்’, ‘அன்டில்’, ‘ஆஸ் ஸூன் ஆஸ்’ எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நெய்வேலிச் சுரங்கமே உதாரணம் சொல்லும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரியை வெட்டலாம். ‘அன்டில் த பிரஷர் பால்ஸ், தே வில் நாட் டிக்.’ முன்பாதியில் ‘வில்’ இல்லை பாருங்கள்.

‘வென்’ என்பதற்கு இன்னொரு குணமும் உண்டு. 1957 மே 20-ஆம் தேதி நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தெரிந்ததோ 1961 ஆகஸ்டில், மின்சாரம் 1962-ல். இடையே நாலு வருஷங்கள். ‘கரி வந்தால்’ என்பது ‘இப்’. அதில் சந்தேகம் இருக்கிறது. ‘கரி வந்ததும்’ என்பது ‘வென்’. அதில் நம்பிக்கை இருக்கிறது. நிலத்தைக் கொடுத்து விட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

படித்த பெண்களே, உங்கள் தாயார் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால் சிரிக்காதீர்கள். சாயங்காலம் காப்பி வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘மழை நின்றதும் துணி உலர்த்துகிறேன்’, ‘மழை எப்போது நிற்கும்?’ இரண்டையும் சேர்ந்தே இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். அடுத்த வீட்டு அம்மாளோடு பேச அவருக்கு அது போதும்.