மழலையின் மெய்ப்பாடு

மறைமலை நகரில் நாம் ஓதிக்கொடுத்து வரும் மக்தபிற்குச் சென்ற ஆண்டு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். பாடத்தில் அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், உடன் ஓதும் பையன் தள்ளிவிட்டு முழங்காலில் இரத்தம் கசிந்த நாளிலும் அவன் அழவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அவனை மெச்சினோம். மெச்சியதை எண்ணி இன்று நாணுகிறோம்.

சில வாரங்கள் சென்றபின் அவன் தாயார் வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், காதில் சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் இவனுக்குக் காதுவலி என்பதே எங்களுக்குத் தெரிந்தது. வலிக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லையே!" என்று கண் கலங்கினார்.

விசாரித்தபோது வீட்டு நிலை விளங்கிற்று. இவ்வூரின் பெரிய கார்த் தொழிற்சாலை 2022ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்தியபோது வேலை இழந்தோருள் அச்சிறுவனின் அத்தாவும் ஒருவர். இப்போது ஒரகடத்தில் இரவு ஷிப்டு. பகலெல்லாம் ஓரறை வீட்டில் உறங்கியாக வேண்டும். "அத்தா தூங்குறாங்க, சத்தம் போடாதே!" பிள்ளை பேசக் கற்கும் பருவத்தில் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் இதுதான். யாரையும் குற்றம் சொல்ல நா எழவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! ஆயினும் சத்தத்தை அடக்கக் கற்ற பிள்ளை, அதனோடு சேர்த்து முகத்தையும் அடக்கக் கற்றுவிட்டது.

1970களில் எட்வர்ட் டிரானிக் என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வு செய்தார். சில மாதக் குழந்தையோடு கொஞ்சிக் கொண்டிருக்கும் தாய், சட்டென்று முகத்தில் அசைவின்றிக் குழந்தையை வெறுமனே நோக்கியிருக்க வேண்டும்; இரண்டொரு நிமிடமே. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பயனில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மறுமொழி தராத முகத்தோடு மழலை நெடுநேரம் பேசுவதில்லை. இன்று கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து உணவூட்டும் தாய்மார் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். திரையில் தோன்றும் முகங்களும் சிரிக்கத்தான் செய்கின்றன; ஒன்றேனும் நம் பிள்ளை சிரித்ததற்காகச் சிரிப்பதில்லை.

இனி நாம் செய்தது. முதலில் பிழையாகவே செய்தோம். "என்ன வலி? என்ன வருத்தம்? சொல்!" என்று துருவித் துருவிக் கேட்டோம். சொல் இருந்தாலல்லவா சொல்வான்! பிறகு நம் தொழிலே நமக்கு வழிகாட்டிற்று. அரபு எழுத்துகளின் ஒலியைக் கற்பிக்கையில் நாம் விளக்கவுரையா நிகழ்த்துகிறோம்? ஐன் என்னும் எழுத்து நடுத்தொண்டையில் பிறப்பது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பயனென்ன? "என் வாயைப் பார்" என்கிறோம். பிள்ளை பார்த்து, கேட்டு, தானும் ஒலித்து, பிழைத்து, மீண்டும் ஒலித்துக் கற்கிறது. வலியையும் வியப்பையும் அவ்வாறே கற்பித்தால் என்ன?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில், அதாவது உடலில், புலப்படுவதே மெய்ப்பாடு. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் அவர் கூறுகிறார். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு நான்காவதாக அரசனையும் சேர்த்தார். அவ்விடத்தைப் படிக்குந்தோறும் நமக்கு அரசர் நினைவு வருவதில்லை. பிரம்பேந்திய ஆசிரியரே நினைவுக்கு வருகிறார். நாமும் அதை ஏந்தியவர்தாம்.

கைக்கண்ணாடி ஒன்று வாங்கினோம். பாடம் முடிந்தபின் ஐந்து நிமிடம். 'ஆ' என்னும் ஓரெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். முள் குத்தினால் 'ஆ' எப்படி வரும்? வானவில்லைக் கண்டால்? நாய் துரத்தினால்? கையிலுள்ள மிட்டாயை ஒருவன் பிடுங்கிக்கொண்டால்? முதலில் நம் முகம், அடுத்துக் கண்ணாடியில் அவர்கள் முகம், கடைசியில்தான் பெயர். இது வலி, இது வியப்பு, இது சினம். நரைத்த தாடியோடு நாம் அலறியதைக் கண்டு, தொழ வந்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். இளிவரலுக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியிராமற் போயிற்று! ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம்: அழுகிறவனைப் போல் அழுது காட்டிப் பழிக்கலாகாது. பழிக்கப்பட்ட முகம் மறுபடியும் மூடிக்கொள்ளும். "ஆண்பிள்ளை அழலாமா?" என்னும் பேச்சையும் அன்றோடு விலக்கினோம்.

நம் சிறுவனோ கண்ணாடியை வாங்குவான், பார்ப்பான், அடுத்தவனிடம் கொடுத்துவிடுவான். மூன்று வாரம் இப்படியே கழிந்தது. நாமும் வற்புறுத்தவில்லை.

அந்நாட்களில்தான் அபூ உமைர் பற்றிய ஹதீஸ் நமக்குப் புதிதாய் விளங்கிற்று. அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பியான அச்சிறுவர், தாம் வளர்த்த குருவி இறந்ததனால் வாடியிருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த முகவாட்டத்தைக் கண்டு வீட்டாரிடம் காரணம் அறிந்தார்கள். பிறகு, குருவிக்கு என்ன ஆயிற்று என்று சிறுவரிடமே, அவர் பெயரும் குருவியின் பெயரும் ஓசையில் இயைந்து ஒலிக்கக் கேட்டார்கள். துயரத்தை மறக்கச் சொல்லவில்லை; அதன் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் இவ்வொரு நிகழ்ச்சியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களைத் திரட்டித் தனி நூலே இயற்றினார். நாமும் முப்பது ஆண்டுகள் இதனைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். பறவையை அடைத்து வளர்க்கலாமா என்னும் சட்டத்தை விரிவாக விளக்கினோம். சிறுவரின் முகத்தை நோக்கிய அந்தப் பார்வையைக் கடந்து போனோம்.

நான்காம் வாரம், ஒரு மழைநாள் மாலை. அவன் கண்ணாடியை வாங்கினான். ஒரு கையைக் காதில் வைத்து, புருவத்தை நெரித்து, மெல்ல 'ஆ' என்றான். விளையாட்டென்று பிள்ளைகள் சிரித்தனர். நாம் முகத்தைப் பார்த்தோம், விளையாட்டில்லை. "காது வலிக்கிறதா, வாப்பா?" என்றோம். தலையசைத்தான். பிறகு அழுதான், மழைச் சத்தத்தையும் மீறிய அழுகை! அன்றிரவே தாயாருடன் மருத்துவரிடம் அனுப்பினோம். இம்முறை சீழ் வைக்கவில்லை.

மறுநாள் அவன் அத்தா, வேலைக்குப் புறப்படும் வழியில் வந்து, அந்தக் கண்ணாடியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுச் சென்றார்.