இரண்டு கையும் படணும்!



நீச்சல் தெரிந்தால் போதும், டீமில் சேர்ந்து கப் வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறாம் வகுப்பு லீவில் வேளச்சேரி நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டேன். கோச் சார் அம்மாவிடம், "பாப்பா நல்லா கால் அடிக்கிறா, டீம்ல போடலாம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது! காலை நாலரைக்கு எழ வேண்டும். குளம் 50 மீட்டர் நீளம். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் 40 தடவை போனால் 2 கிலோமீட்டர். முதல் வாரம் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை, அம்மாதான் பின்னிவிட்டார். குளோரின் பட்டு முடி தேங்காய் நார் மாதிரி ஆனது. பாட்டியோ, "ஏன்டி இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்று தினமும் கேட்டார். பசியைப் பற்றிக் கேட்காதீர்கள். எட்டு இட்லி, அதுவும் பஸ்ஸிலேயே!

முதல் போட்டியில் எனக்கு 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். பக்கத்து லேனில் என் டீம் தோழி. கடைசி நேரத்தில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்திவிட வேண்டும் என்று ஒரு கையை நீட்டிச் சுவரைத் தொட்டேன். மூன்றாவது இடம் என்று குதித்தேன். ஆனால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரில் படணும். டிஸ்குவாலிஃபை! வெண்கலம் அவளுக்குப் போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் அவளோடு பேசாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதுகொண்டே, "நான் இனிமே போகமாட்டேன்" என்றேன். அம்மா திட்டவில்லை. "சரி, வேணாம்னா விட்டுடலாம். உனக்கு நீச்சல் பிடிக்கலையா, தோத்தது பிடிக்கலையா? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லு" என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனேன். வாசலில் அந்தத் தோழி நின்றிருந்தாள். அன்று நான் விட்டுவிட்டு வந்த கண்ணாடியை நீட்டி, "இந்தா, தினமும் எடுத்துட்டு வந்தேன், நீதான் வரல" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் சுவர் கிட்டே வரும்போதெல்லாம் அவள் "ரெண்டு கை! ரெண்டு கை!" என்று கத்துவாள்.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் 2021-இல் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தி, நேரடியாக ஒலிம்பிக் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தேவைப்பட்ட நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. அவர் நீந்தியது 1 நிமிடம் 56.38. பத்தில் ஒரு விநாடிதான் வித்தியாசம்! அதற்காக எத்தனை வருட விடியற்காலைகளோ!

அடுத்த போட்டியில் நான் ஐந்தாவது. பதக்கம் இல்லை. ஆனால் 49 விநாடி 46 ஆகியிருந்தது, இரண்டு கையும் சுவரில் பட்டிருந்தது. கேலரியில் என் பேரைச் சொல்லிக் கத்தியது யார் தெரியுமா? அவளேதான்!

டீமில் சேர ஆசைப்படும் தம்பி தங்கைகளே, கப் கிடைக்குமா என்று தெரியாது. பசி கண்டிப்பாகக் கிடைக்கும். நல்ல தோழியும் கிடைப்பாள். பக்கத்து லேனைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள்.



— 8-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி