புது மானேஜர்

மானேஜர் என்ற வார்த்தையைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பாங்கு ஞாபகம் வரும். அல்லது ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்து ஊதுவத்தி கொளுத்தும் மனிதர் ஞாபகம் வருவார். இங்கிலாந்தில் ஒரு கால்பந்து ரசிகனிடம் இதே வார்த்தையைச் சொன்னால் அவன் முகமே மாறிவிடும். பதினொரு பேரில் யார் ஆடுவது, யார் ஓரத்தில் உட்காருவது, எதிரியை எப்படி மடக்குவது என்று எல்லாமே அந்த ஒரு மனிதர் பொறுப்பு. ஜெயித்தால் ஆட்டக்காரரைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் மானேஜரை வேலையிலிருந்து தூக்குவார்கள்.

அந்த நாற்காலிக்குப் புதிதாக ஒருவர் வருகிறார் என்றால் ரசிகனுக்கு உண்டாகும் மனநிலை, பெண்ணைப் பெற்றவன் முதன்முதலாக மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது உண்டாகும் மனநிலைதான். நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால்... என்று ஒரு 'ஆனால்' தொண்டையில் நின்றுகொண்டே இருக்கும்.

எனக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தம் உண்டாக்கியவன் என் அக்கா பிள்ளை. 2013-இல் அவன் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாஞ்செஸ்டர் யுனைடெட் ஆடும் இரவுகளில் எங்கள் வீட்டு டெலிவிஷன் அவனுக்குச் சொந்தம். முதலில் நான் கோபித்துக்கொண்டேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில், அவன் தூங்கிவிட்ட ராத்திரிகளிலும் நான் தனியாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். என் மனைவி இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை அச்சில் போட முடியாது.

அந்த வருஷம் மே 8-ஆம் தேதி, ஸர் அலெக்ஸ் ஃபெர்குஸன் ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி வந்தது. 1986 நவம்பரில் பதவிக்கு வந்தவர். 26 வருஷங்களுக்கு மேல் ஒரே நாற்காலி. 13 தடவை லீக் பட்டம், எல்லாமாக 38 கோப்பைகள். மருமான் பிறந்த நாளிலிருந்து அந்தக் கழகத்துக்கு வேறு மானேஜரை அவன் அறிந்ததில்லை. அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாளே புதியவரின் பெயரை அறிவித்துவிட்டார்கள். ஒரு பந்தி எழுந்து கை கழுவுவதற்குள் அடுத்த பந்திக்கு இலை போட்டுவிட்ட மாதிரி! வந்தவர் டேவிட் மோயஸ். எவர்ட்டன் கழகத்தில் 11 வருஷம் மானேஜராக இருந்தவர். ஃபெர்குஸனே கைகாட்டிய மனிதர்.

மருமான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர் தோற்றுப் போவார்.

"மாமா, இவரும் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவரும் கிளாஸ்கோ!"

"ஊர்ப் பொருத்தம் இருக்கிறது. அப்புறம்?"

"எவர்ட்டனில் பணமே கிடையாது. அப்படி இருந்தும் 2005-இல் நாலாவது இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அவசரப்பட மாட்டார்கள்."

"குறை ஏதாவது?"

பேனாவின் மூடியைக் கடித்தான். "பெரிய கோப்பை ஒன்றுகூட ஜெயித்ததில்லை" என்றான், மெதுவாக.

மே 12-ஆம் தேதி, ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஃபெர்குஸனின் கடைசி ஆட்டம். எதிரே ஸ்வான்ஸீ. 2-1 என்று ஜெயித்தார்கள். பிறகு மழையில் நடு மைதானத்தில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு கிழவர் பேசினார். நமக்குக் கெட்ட காலம் வந்தபோது இந்தக் கழகம் என் பக்கம் நின்றது, இனி உங்கள் வேலை புது மானேஜர் பக்கம் நிற்பதுதான் என்று கேட்டுக்கொண்டார். மைதானமே கைதட்டியது. சென்னையில் நாங்கள் இரண்டு பேரும் தட்டினோம். சத்தியம் செய்து கொடுத்த மாதிரிதான்.

அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு பழைய பயம் இருந்தது. 1945-இலிருந்து மாட் பஸ்பி என்று ஒரு மகா மனிதர் அங்கே மானேஜராக இருந்தார். 1958 பிப்ரவரியில் மியூனிக் நகரில் நடந்த விமான விபத்தில் 23 பேர் மாண்டார்கள், அவர்களில் எட்டுப் பேர் அவருடைய ஆட்டக்காரர்கள். உயிர் பிழைத்து எழுந்து, மறுபடியும் ஓர் அணியைக் கட்டி, 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் காட்டினார். மறு வருஷம் பதவியை விட்டார். ஆனால் கட்டடத்தை விட்டுப் போகவில்லை, பொது மானேஜர் என்ற பெயரில் அங்கேயே இருந்தார். அவர் இடத்துக்கு வந்த வில்ஃப் மெக்கின்னஸுக்கு வயது 31. நேற்றுவரை கூட ஆடியவர்களுக்கும் கூடச் சிரித்தவர்களுக்கும் அவர் உத்தரவு போட வேண்டும், ஒரு சந்தேகம் வந்தால் அவர்கள் பக்கத்து அறைக்குப் போய்ப் பெரியவரைப் பார்ப்பார்கள். 1970 டிசம்பரில் அவரை இறக்கிவிட்டார்கள். அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை. 1974-இல் அந்த மகத்தான கழகம் கீழ்ப் பிரிவுக்கே இறங்கியது. 1967-இல் வாங்கிய லீக் பட்டத்தை மறுபடி தொட 26 வருஷம் ஆயிற்று.

மோயஸுக்கும் அப்படித்தான் அமைந்தது. அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள பிரம்மாண்டமான காலரிக்கு ஃபெர்குஸன் பெயரை 2011-லேயே வைத்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் மாமனார் பெயர். பார்வையாளர் வரிசையில் மாமனாரே உட்கார்ந்திருக்கிறார். எந்த மாப்பிள்ளைக்குத்தான் சோறு இறங்கும்?

அதே 2013-இல் என் தொழிலிலும் ஒரு ஃபெர்குஸன் ஓய்வு பெற்றார். நான் எழுதிவந்த பத்திரிகையின் ஆசிரியரைச் சொல்கிறேன். பத்து வருஷமாக என் கதைகளைப் போட்டவர். காப்பி வரவழைத்து, "அடுத்தது என்ன?" என்று கேட்டவர். அவர் இடத்துக்கு வேறொரு பத்திரிகையில் பல காலம் உழைத்த ஒருவர் வந்தார். அவருக்கு நான் அனுப்பிய முதல் கதை, ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்து: 'கதை முந்தின பக்கத்திலேயே முடிந்துவிட்டது. கடைசிப் பக்கம் வேண்டுமா?'

எனக்கு வந்ததே கோபம்! பெரியவர் இருந்திருந்தால் என் கதையில் ஒரு காற்புள்ளியைத் தொடுவாரா? போகிற இடமெல்லாம் சொன்னேன். பத்திரிகை போச்சு என்றேன். தருவதாக இருந்த தொடர்கதையை வேறோர் இடத்துக்குக் கொடுத்தேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் அப்படிச் செய்தார்கள்.

இதற்கிடையே மாஞ்செஸ்டரில் நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. முந்தின வருஷம் 11 புள்ளி வித்தியாசத்தில் லீக் பட்டம் வாங்கிய அணி அது. டிசம்பரில், மோயஸின் பழைய எவர்ட்டனே வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போயிற்று. அந்த மைதானத்தில் எவர்ட்டன் ஜெயித்து 21 வருஷம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாம் வந்தது. யுனைடெட்காரர்கள் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கிப் போட்டார்கள், மறுபடி போட்டார்கள், 80 தடவைக்கு மேல் போட்டார்கள். கடைசி நிமிஷத்தில் ஃபுல்ஹாம் ஒரு கோல் போட்டு 2-2 என்று ஆக்கியது. மருமான் பொருத்தக் காகிதத்தைத் தேடி எடுத்துக் கிழித்துப் போட்டான். மார்ச்சில் லிவர்பூல் 3-0, சிட்டி 3-0, இரண்டும் சொந்த மைதானத்தில்.

மார்ச் 29-ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவுடன் ஆட்டம். சில ரசிகர்கள் பணம் வசூலித்து ஒரு சிறிய விமானத்தை வாடகைக்கு எடுத்து, 'மோயஸே, வெளியே போ' என்ற பொருளில் ஒரு பதாகையை அதன் வாலில் கட்டி, மைதானத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள்.

நான் எதிர்பார்த்தது வேறு, நடந்தது வேறு. உள்ளே இருந்த கூட்டம் அண்ணாந்து பார்த்து அந்த விமானத்தை நோக்கிக் கூச்சல் போட்டு விரட்டியது! தோல்வி தோல்வியாகப் பார்த்து நொந்து போனவர்கள்தான் அவர்களும். புது மானேஜரிடம் அவர்களுக்கு நம்பிக்கை மிச்சம் இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் மழையில் நின்று பெரியவர் கேட்ட வார்த்தை அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. அன்று அணி 4-1 என்று ஜெயித்தது.

"சபாஷ்! இவர்கள் அல்லவா ரசிகர்கள்!" என்றேன், நாற்காலியை விட்டு எழுந்து.

உள்ளேயிருந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "நீங்கள் அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு மேலே விட்டீர்களே ஒரு விமானம், அது மாதிரிதானே இதுவும்?"

மருமான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20-ஆம் தேதி எவர்ட்டன் ஊரில் போய் 2-0 என்று தோற்றார்கள். 22-ஆம் தேதி மோயஸை அனுப்பிவிட்டார்கள். ஆறு வருஷ ஒப்பந்தம் பத்து மாதம்கூட நிறையவில்லை. அணி அந்த வருஷம் ஏழாவது இடத்தில் முடிந்தது. என் பத்திரிகையின் புது ஆசிரியரும் ஏறக்குறைய அதே சமயத்தில் விலகிப் போனார்.

மோயஸுக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்திருந்தால் நிமிர்த்தியிருப்பார் என்று நான் வாதாட வரவில்லை. அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடுத்து வந்தவர்களில் பேர் போன லூயி வான் ஹாலும் இருந்தார், ஜோஸே மொரின்யோவும் இருந்தார். ஃபெர்குஸனுக்குப் பிந்திய பத்து வருஷத்தில் லீக் பட்டம் ஒரு தடவைகூட வரவில்லை.

என்னை உறுத்தியது வேறு விஷயம். 'ஃபெர்குஸனுக்கு நாங்கள் பொறுமையாகக் காத்திருந்தோம்' என்று பழைய ரசிகர்கள் சொல்வதுண்டு. உண்மையில் அவருடைய முதல் ஆட்டமே ஆக்ஸ்ஃபோர்டு அணியிடம் 2-0 தோல்வி. 1989 செப்டம்பரில் சிட்டியிடம் 5-1. அந்த டிசம்பரில் கிறிஸ்டல் பாலஸிடம் சொந்த மண்ணில் தோற்றபோது, மூன்று வருஷமாகச் சாக்குச் சொன்னது போதும், போய் வா என்று காலரியில் துணியில் எழுதிப் பிடித்தார்கள். 1990 ஜனவரியில் மார்க் ராபின்ஸ் என்ற பையன் நாட்டிங்ஹாமில் தலையால் முட்டிப் போட்ட ஒரு கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. கழகத்தை நடத்தியவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். அந்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, அதே கிறிஸ்டல் பாலஸைத் தோற்கடித்து! காலரி பொறுக்கவில்லை, நிர்வாகம் பொறுத்தது. பொறுமை என்ற பெருமையை மட்டும் காலரி பிற்பாடு தன் பேரில் எழுதிக்கொண்டது.

நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். காப்பி வரவழைத்த பெரியவர், என்னுடைய முதல் நாலு கதைகளை ஒரு வரிகூட எழுதாமல் திருப்பி அனுப்பியவர்! அதை எப்படி மறந்தேன்? புதியவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். அவரை நான் அவருடைய முதல் வாரத்தில் வைத்து நிறுத்தேன், பெரியவரை அவருடைய பத்தாவது வருஷத்தில் வைத்து நிறுத்தேன். தராசு எந்தப் பக்கம் சாயும்?

2023 ஜூன் 7-ஆம் தேதி. பிராக் நகரில் கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம், நமக்குப் பின்னிரவு. மோயஸ் அப்போது வெஸ்ட் ஹாம் மானேஜர். ஃபியோரென்டினாவை 2-1 என்று ஜெயித்தார்கள், வெற்றிக் கோல் 90-ஆவது நிமிஷத்தில். 1980-க்குப் பிறகு அந்தக் கழகத்துக்கு முதல் பெரிய கோப்பை. மோயஸுக்கு வாழ்க்கையிலேயே முதல். அவர் தம் பதக்கத்தைக் கழற்றி, மைதானத்துக்கு வந்திருந்த 87 வயதுத் தகப்பனாரின் கழுத்தில் போட்டார்.

மருமான் இப்போது வேறு ஊரில் உத்தியோகத்தில் இருக்கிறான். அந்நேரத்துக்கு டெலிபோன் செய்தான். "பார்த்தீர்களா மாமா?" என்றான். அதற்கு மேல் இருவருக்கும் பேச வரவில்லை.

காலையில் ஒரு நண்பரிடம் கேட்டு அந்தப் பழைய ஆசிரியரின் எண்ணை வாங்கினேன். பென்சிலால் எழுதினாரே, அவருடைய எண். பெயரைச் சொன்னேன். சௌக்கியம் விசாரித்தோம். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஸார், அந்தக் கதையில் கடைசிப் பக்கம் வேண்டியதில்லை என்று எழுதினீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. தொகுப்பில் போட்டபோது அதை எடுத்துவிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எந்தக் கதை?" என்று கேட்டார்.

கதையைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இல்லை. தொடர்கதை வராமல் போனது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தொகுப்பில் ஒரு பிரதி அனுப்புங்கள்" என்றார். அன்றே அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் புது மானேஜர் வராமல் இல்லை. அறிவிப்பு வந்த அன்று மருமான் தவறாமல் கூப்பிட்டான். எந்த ஊர்க்காரர், முன்பு எங்கே இருந்தார், எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று ஒவ்வொரு பொருத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் வழக்கம்போல, "எப்படி மாமா, தேறுவாரா?" என்றான்.

"முதலில் உட்காரட்டும்" என்றேன்.