சீரிக் கோட்டையின் மதில்

தில்லியில் ‘சீரி ஃபோர்ட்’ போக வேண்டும் என்றால் ஆட்டோ ஓட்டுநர் கலையரங்கத்தின் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். திரைப்பட விழாக்களும் இசை நிகழ்ச்சிகளும் நடைபெறும் அந்த அரங்கத்திற்குப் பெயர் தந்த கோட்டை எங்கே என்று கேட்டால் விடை எளிதில் கிடைக்காது. அரங்கத்திற்கும், 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த குடியிருப்புக்கும், ஷாப்பூர் ஜாட் என்னும் பழைய கிராமத்திற்கும் இடையே, மரங்கள் அடர்ந்த பூங்காக்களில் அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. காலையில் அதன் ஓரமாக மக்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள். மதியத்தில் அதன் நிழலில் யாரேனும் படுத்துறங்குகிறார்கள்.

செங்கோட்டையையும் துக்ளகாபாதையும் பார்த்துவிட்டு வருபவருக்குச் சீரி ஏமாற்றமளிக்கும். வியந்து நோக்க வாயில் இல்லை, அரண்மனை இல்லை. கரடுமுரடான கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்து எழுப்பிய தடித்த மதில் மட்டும் எஞ்சியிருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அம்பு எய்வதற்கான துளைகள் தெரியும். சில இடங்களில், சங்கத் தமிழ் ‘ஞாயில்’ என்றழைத்த மதிலுறுப்பு தீக்கொழுந்தின் வடிவில் வரிசையாக நிற்கும். இது அழகுக்காகக் கட்டப்பட்டதன்று, அச்சத்தில் கட்டப்பட்டது என்பது அப்போது புலப்படும்.

1303இல் அலாவுதீன் கில்ஜி சித்தூர் முற்றுகையை முடித்துத் திரும்பிய வேளையில் தரகாயின் தலைமையில் மங்கோலியப் படை தில்லியைச் சூழ்ந்தது. சுல்தானின் படைகள் சிதறிக் கிடந்தன. கையிலிருந்த சிறுபடையுடன் அவர் சீரிச் சமவெளியில் பாசறை அமைத்து, சுற்றிலும் அகழி வெட்டித் தற்காத்துக்கொண்டார். சுமார் இரண்டு மாதங்களுக்குப் பின் மங்கோலியர் தாமே விலகிச் சென்றனர். அந்தப் பாசறை இருந்த இடத்தில்தான் கோட்டை எழுந்தது.

மதில் மட்டும் போதவில்லை. நிலையான பெரும்படை தேவைப்பட்டது. குதிரைவீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா ஊதியம் வகுக்கப்பட்டது. அத்தொகையில் அவன் பிழைக்க வேண்டுமானால் தானியமும் துணியும் மலிவாக இருக்க வேண்டும் என்பதாலேயே புகழ்பெற்ற விலைக் கட்டுப்பாடு வந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் பரணி. விளைச்சலில் பாதி வரியாகப் பெறப்பட்டது. எனவே இந்த மதிலின் விலையைக் கணக்கிடுபவர் கல்லையும் காரையையும் மட்டும் எண்ணினால் போதாது. கங்கை யமுனைச் சமவெளியின் உழவர் தந்த பாதி விளைச்சலையும் சேர்த்தாக வேண்டும்.

இங்கு வருவோருக்குச் சொல்லப்படும் கதை வேறு. கொல்லப்பட்ட மங்கோலியரின் தலைகள் அடித்தளத்தில் புதைக்கப்பட்டன என்றும், ‘தலை’ எனப் பொருள்படும் ‘சர்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்தே சீரி என்ற பெயர் பிறந்தது என்றும் சொல்வார்கள். அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோவும் புதுக் கட்டடம் குருதிப் பலி கேட்கும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எனினும், 1296இல் அரியணை ஏற வந்த அலாவுதீன் தங்கிய இடத்தைப் பரணி சீரி என்றே குறிப்பிடுகிறார். கோட்டைக்கு முன்பே பெயர் இருந்தது. கவிஞரின் மிகையும் மக்களின் சொற்பிறப்பு விளக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இங்கே காணலாம்.

தமிழகத்திலிருந்து தில்லிக்குப் படிக்க வரும் மாணவருக்கு இந்த மதிலருகே இன்னொரு சங்கடமும் உண்டு. 1311இல் மாலிக் கபூர் மதுரை வரை சென்று கொண்டுவந்த செல்வம் சுல்தானின் முன் வைக்கப்பட்ட இடம் சீரிதான். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்த படையெடுப்பு முடிவுற்ற முற்றம், இன்று பூப்பந்து ஆடுகளங்களுக்கும் நடைபாதைகளுக்கும் அருகே எங்கோ மறைந்து கிடக்கிறது. முதலில் எழுவது சினமாக இருக்கலாம். அது இயல்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆய்வு அங்கே நின்றுவிடக் கூடாது.

எவ்வளவு செல்வம் வந்தது? பரணி 612 யானைகள், 20,000 குதிரைகள், 96,000 மணங்கு பொன் என்கிறார். குஸ்ரோ 512 யானைகள், 5,000 குதிரைகள், 500 மணங்கு மணிகள் என்கிறார். குஸ்ரோ நிகழ்ச்சிக்கு மிக அருகில் இருந்தவர். ஆனால் புகழ்பாடுவது அவர் தொழில். பரணி தம் நூலை 1357இல் முடித்தவர். அதாவது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர். அக்கால மணங்கின் எடையும் பிற்கால மணங்கைவிட மிகக் குறைவு. இவற்றை ஒப்பிடாமல் பெரிய எண்ணை மட்டும் எடுத்து மேடையில் முழங்குபவர், வென்றவரின் பெருமிதத்தையே தம்மை அறியாமல் திரும்பச் சொல்கிறார். எண்கள் முரண்படுவதால் கொள்ளையே நடக்கவில்லை என்பவரும் அதே தவற்றைத் தலைகீழாகச் செய்கிறார். யானைகளின் எண்ணிக்கையில் ஐயமிருக்கலாம். அவை யாருடையவை என்பதில் ஐயமில்லை.

அந்தச் செல்வத்தைக் காத்த கோட்டையும் நிலைக்கவில்லை. ஷேர் ஷா தம் புதிய நகருக்காகச் சீரியை அழித்தார் என்று அபுல் ஃபசல் பதிவு செய்கிறார். ஒரு காலத்தில் ஏழு வாயில்கள் கொண்டிருந்த நகரின் கற்கள் வேறு மதில்களுக்குள் போயின. நடுவில் ஒரு கிராமம் வேரூன்றியது. பிறகு விளையாட்டு அரங்குகள் வந்தன.

வரலாறு பயிற்றுவிப்போர் மாணவர்களை இந்தப் பூங்காவிற்கு அழைத்துவரலாம். குஸ்ரோவின் பக்கங்களையும் பரணியின் பக்கங்களையும் மொழிபெயர்ப்பில் அருகருகே வைத்து, மதிலின் அடியில் அமர்ந்து படிக்கச் செய்யலாம். யார் வென்றார் என்ற கேள்விக்கு இரு நூல்களும் உரத்த குரலில் விடை சொல்லும். இக்கற்களைச் சுமந்தவர் யார், அவர்களுக்கு உணவளித்த உழவர் எந்த ஊரார், மதுரையிலிருந்து யானைகளோடு நடந்துவந்த பாகர்கள் ஊர் திரும்பினார்களா என்று கேட்டால் இரண்டும் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில்தான் மாணவரின் ஆய்வுக் கேள்வி தொடங்க வேண்டும்.