வளையும் கத்தி

பாரிமுனைப் பக்கத்துச் சந்தில் கத்தி, அருவாமணை, தேங்காய்த் துருவி விற்கும் சின்னக் கடை அது. குக்கர் வாஷர் வாங்கிவிட்டு மீதிச் சில்லறைக்காக ஓரமாக நின்றிருந்தேன். ஒரு அம்மா படியேறி உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். இடது கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. முழங்கைக்கு மேலே மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

"தம்பி, மீனுல சதைய மட்டும் எடுக்கிற கத்தி இருந்தா காட்டுப்பா."

கடைப் பையன் எடுத்து வைத்தது அகலமான, கனத்த கத்தி. "இதுதான்க்கா இப்ப நல்லா போவுது. வஞ்சிரம் நடுமுள்ளுகூட ஒரே போடுல துண்டாயிடும்."

அவர் அதைத் தொடவேயில்லை. "துண்டு போடறதுக்கு எங்கிட்ட கீது. இது சதை உரிக்கிறதுக்கு. மெல்லிசா, வளையறதா எடு."

"வளைஞ்சா டூப்ளிகேட்டுன்னு சொல்லுவாங்கக்கா."

இப்படி நம்புகிறவர்கள் நிறையப் பேர். கத்தி என்றால் விறைப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். மண்டையைப் பிளக்கவும் நடுமுள்ளோடு சேர்த்துத் துண்டு போடவும் அந்தக் கனம் வேண்டியதுதான். சதையை மட்டும் பிரிப்பது வேறு வேலை. நடுமுள்ளின் மேட்டிலும் விலா முட்களின் சரிவிலும் அலகு படுத்து ஊர்ந்து போக வேண்டும். வளையாத அலகு ஒன்று முள்ளை வெட்டும், இல்லையென்றால் முள்ளின் மேல் ஒரு விரல் சதையை விட்டுவிட்டுப் போகும்.

பையன் உள்ளேயிருந்து நான்கு கத்திகளைக் கொண்டுவந்து பரப்பினான். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிடியிலிருந்து நுனி வரை முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நுனியை மேஜைப் பலகையில் ஊன்றி மெதுவாக அழுத்தினார். ஒன்று வளையவே இல்லை. ஒன்று வளைந்தது, ஆனால் கையை எடுத்த பிறகும் லேசான கோணல் மிச்சமிருந்தது. இரண்டையும் ஒதுக்கினார். மற்ற இரண்டும் பிரம்பு போல வளைந்து, விட்டதும் நிமிர்ந்தன.

அதன் பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "கொஞ்சம் தண்ணி குடு."

பையன் குடிக்கிற பாட்டிலை நீட்டினான். அவர் குடிக்கவில்லை. உள்ளங்கையில் ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டு ஈரத்தோடு கத்தியைப் பிடித்தார். கல்லாவில் இருந்த முதலாளி முகம் சுளித்தார். மரப்பிடி போட்ட கத்திதான் பார்வைக்கு அழகு, பாலிஷ் மின்னியது. ஈரக் கைக்குள் அது ஒரு சுற்றுத் திரும்பிவிட்டது. அதைக் கீழே வைத்தார். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி நகரவில்லை. அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. விரல் முன்னால் வழுக்கிக் கூரின் மேல் ஏறாமல் தடுப்பது அதுதான். அந்த மேட்டை இரண்டு முறை தடவிப் பார்த்தார். இரும்பும் பிடியும் சேரும் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். இடைவெளி இருந்தால் மீன் ரத்தமும் கொழுப்பும் அங்கே தங்கிவிடும். எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது.

நீளத்தைச் சாண் வைத்து அளந்தார். ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைவு. மீனின் அகலத்தைவிட அலகு நீளமாக இருந்தால்தான் ஒரே இழுப்பில் சதை வரும். குட்டைக் கத்தியால் முன்னும் பின்னும் அறுத்தால் சதை பிய்ந்துபோகும்.

கூர்மையைக் கடைசியில்தான் பார்த்தார், அதுவும் அவசரமாக. அலகுக்குக் குறுக்கே கட்டைவிரலை ஒருமுறை தடவினார், அவ்வளவுதான். பையனுக்கு ஆச்சரியம். எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தானே.

"கூரு நானே தீட்டிக்குவேன்பா. வளைவ நான் போட முடியுமா?"

கத்தியோடு வந்த அட்டையில் கடினம் 56 என்று அச்சிட்டிருந்தது. உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவு. இந்த வகைக் கத்திக்குப் பொருத்தமான எண்தான். அதைவிட ரொம்பக் கடினமான உருக்கு கூரை நெடுநாள் வைத்திருக்கும். ஆனால் மெல்லிய அலகை வளைத்து வேலை வாங்கும்போது சில்லு பெயரும். அந்த அம்மா அட்டையைப் புரட்டவில்லை. வளைத்துப் பார்த்ததிலேயே தனக்கு வேண்டியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பணம் எண்ணிக் கொடுத்தார். மெஷின் சாணை வேண்டுமா என்று முதலாளி கேட்டதற்கு, "சூடு பட்டா இரும்பு செத்துடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சரியான பேச்சு. மோட்டார் சாணையில் கவனமில்லாமல் பிடித்தால் மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுவதே நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் அவரை மறுபடி பார்த்தேன், மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. நான்கு கடை தள்ளி நின்றுகொண்டேன். ஓட்டல் ஆள் ஒருவர் பிங்கர் பிஷ்ஷுக்காகக் கொடுவா கொண்டுவந்திருந்தார். செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு வெட்டு. நடுமுள் தட்டுப்பட்டதும் கத்தி படுத்துக்கொண்டது. முதுகோரமாக வால் வரைக்கும் ஒரு நீள இழுப்பு. விலா முட்களைத் தொட்டுப் போகும்போது மெல்லிய கரகரப்பு கேட்டது. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் எடுத்தார். பிறகு வால் நுனியில் தோலை இறுகப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழைத்தார். அலகு வளைந்து பலகையோடு பலகையாகப் படிந்து ஓடியது. தோல் முழுசாகத் தனியே வந்தது.

ஒரு கிலோ கொடுவாயில் தோல், முள், தலை எல்லாம் போக அரைக் கிலோ சதைகூடத் தேறாது. அதனால் முள்ளில் ஒட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு துணுக்கும் மீன் கொண்டுவந்தவருக்கு நஷ்டம். அவர் அடுத்த வாரம் வேறு ஆளிடம் போய்விடுவார். அந்த அம்மா முள்ளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். முள்ளுக்கு முள் இடைவெளி தெரிந்தது. ஓட்டல்காரர் தலையாட்டினார்.

கத்தி விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன் கத்தி கேட்டு யாராவது வந்தால் அட்டையை நீட்டுவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டுங்கள். வாங்குபவர் ஈரக் கையால் பிடித்துப் பார்க்கட்டும், நுனியை ஊன்றி வளைத்துப் பார்க்கட்டும். முகம் சுளிக்காதீர்கள்.