நலம் விசாரித்தல்

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் ஆற்ற வேண்டிய கடமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பக்கவாதத்தால் படுக்கையிலிருந்த எங்கள் மஹல்லாப் பெரியவரிடம் நாங்கள் பழங்களுடன் சென்று, துஆ செய்து, பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவோம்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் செவிலியர் வந்தபோதுதான் அவருடைய முதுகுப் புண்ணைக் கண்டோம். "மருந்திட நான் வருவேன். ஆனால், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க நீங்கள்தான் வேண்டும்" என்றார் அவர்.

வெட்கினோம். முறைவைத்துப் புரட்டக் கற்றோம். அயலார் பயிற்சி பெற்றுச் செவிலியருக்குத் துணைநிற்கும் இவ்வழக்கம் கேரளத்தின் மலப்புரத்தில் பல்லாண்டுகளாக உள்ளது.

ரமளானுக்கு முன் பெரியவர் வஃபாத்தானார். குளிப்பாட்டியபோது பார்த்தோம்: முதுகுப் புண் ஆறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.